கச்சான் காற்றைக் கேட்டு வரைந்த லிங்க்ஸ் மைதானம்: ஒரு செய்முறை

திருகோணமலைக்கு வடக்கே இருக்கும் நிலாவெளிக் கரைக்கு ஒன்பது குழிகள் கொண்ட லிங்க்ஸ் கோல்ஃப் மைதானம் ஒன்றைத் தாளில் வரைந்து முடித்துவிட்டேன். கட்டுவதற்காக இல்லை, வரையும் ஆசைக்காக மட்டும். நாலாவது தாளில்தான் சரியாக வந்தது. எங்கே பிழைத்தது என்று சொன்னால் உங்களுக்கு முதல் தாளிலேயே வந்துவிடும்.

லிங்க்ஸ் என்பது கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலம். உழவுக்கு உதவாது, மரம் அதிகம் நிற்காது, மழைத்தண்ணீர் உடனே வடிந்துவிடும். ஸ்கொட்லாந்தில் அப்படி ஒரு நிலத்தில்தான் இந்த விளையாட்டு வளர்ந்தது. அங்கே ஃபெஸ்கியூ புல். நமக்குக் கரை மணலில் வளரும் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். ஓடுதரைக்கு, அதாவது பந்து உருண்டு ஓடும் குட்டைப்புல் தரைக்கு, அறுகு போதும்.

1. கிராஃப் தாள், 2பி பென்சில், நல்ல அழிறப்பர். கணினி மென்பொருள் வேண்டாம். அதில் எல்லாக் கோடும் முதலிலேயே முடிந்த கோடு போலத் தெரியும், அழிக்க மனம் வராது. 1 செ.மீ. என்பது 50 மீட்டர் என்று வையுங்கள். ஏ4 தாளின் நீளத்துக்குள் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் கரை அடங்கும். கரைக்கோட்டைக் கூகுள் எர்த்தில் அளந்து போடலாம்.

2. குழி என்றால் முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து பந்து விழும் துளை வரையுள்ள முழுப் பாதை. பார்-3 என்றால் மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. இரண்டு பார்-3, ஐந்து பார்-4, இரண்டு பார்-5. தாளில் ஒரு குழிக்கு முறையே 3, 7, 10 செ.மீ. கூட்டினால் 3,050 மீட்டர். ஸ்கொட்லாந்தின் செயின்ட் அண்ட்ரூஸ் பழைய மைதானம் போலவே கரையோடு போய்த் திரும்பி வரட்டும்.

3. காற்று. நான் மூன்று தாளைக் கிழித்தது இந்த இடத்தில்தான். குழிகளையெல்லாம் கரைக்கு இணையாக வரைந்துவிட்டு, காற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். ஓர் ஓகஸ்ட் மத்தியானம் நிலாவெளியில் குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. ஒவ்வொரு இராவணன் மீசைப் பற்றைக்குப் பின்னாலும் ஒரு சாண் நீளத்துக்கு மணல் வால் படிந்திருந்தது. அத்தனை வாலும் கடலைப் பார்த்தே கிடந்தன. தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. மாரியில் வடகிழக்குக் காற்றான வாடை கடலிலிருந்து வருகிறது. அப்படியென்றால் என் ஒன்பது குழிக்கும் வருஷம் முழுக்க ஒரே குறுக்குக் காற்று!

ஆகவே காற்றை முதலில் வரையுங்கள். ட்ரேசிங் தாளில் கச்சானுக்குச் சிவப்பு அம்பு, வாடைக்கு நீல அம்பு. அதை மைதானத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு குழியிலும் எதிர், பின், குறுக்கு என்று எழுதுங்கள். ஒரே சொல் மூன்று தடவை அடுத்தடுத்து வந்தால் ஒரு குழியைத் திருப்புங்கள். இரண்டு பார்-3 குழிகளையும் நான் கரைக்குச் செங்குத்தாக வைத்தேன்: ஒன்று கடலைப் பார்த்து, மற்றது கடலுக்கு முதுகு காட்டி. அதோடு மைதானத்துக்கு உயிர் வந்தது.

4. கிரீனின், அதாவது துளையைச் சுற்றியுள்ள குட்டைப்புல் தளத்தின், முன்பக்கத்தைத் திறந்து விடுங்கள். பலத்த காற்றில் பந்தைத் தாழ அடித்து உருட்டித்தான் ஏற்ற வேண்டும். முன்னால் பங்கர் என்னும் மணல் பள்ளம் வைத்தால் அந்த வழியே அடைபட்டுவிடும். பங்கர்களைப் பக்கத்தில், சின்னதாக, ஆழமாக வையுங்கள். அகன்ற பங்கரில் மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். பழைய மைதானத்தில் 112 பங்கர் இருக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம், ஒன்பது குழிக்கு இருபது தாராளம். மணல் மேடுகளை இருக்கிறபடியே விடுங்கள்.

பிற்சேர்க்கை: என் மூன்றாவது குழி கரைவலை இழுக்கிறவர்கள் கடலுக்கு இறங்கும் வழியை அடைக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. கற்பனை மைதானம் என்றாலும் கரை அவர்களுடையது. செயின்ட் அண்ட்ரூஸிலேயே முதல் குழியையும் பதினெட்டாவது குழியையும் ஊர்ப் பாதை ஒன்று ஊடறுத்துப் போகிறது. இப்போது தாளில் புள்ளிக்கோடாக ஒரு பாதை போட்டு, மூன்றாவது குழியின் டீயை, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தை, 60 மீட்டர் வடக்கே நகர்த்தியிருக்கிறேன். நீங்கள் வரையும்போது அந்தப் புள்ளிக்கோட்டைக் காற்று அம்புகளோடு சேர்த்தே போட்டுவிடுங்கள்.