‘ஸ்டோமா’ என்னும் சொல்லைப் பொருளறிந்து கண்ணால் காண்பது எப்படி

‘ஸ்டோமா’ என்பது வாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதன் பன்மை ‘ஸ்டோமேட்டா’. இச்சொல்லைப் படிக்கும்போது எந்த உயிரைப் பற்றிய பாடம் என்பதை முதலில் பாருங்கள். தாவரவியலில் அது இலைத்தோலில் வாயுக்கள் சென்று வரும் நுண்ணிய திறப்பு. உருளைப்புழுக்களைப் பற்றிய நூல்களில் வாய்க்குழி. மருத்துவத்தில், குடலையோ சிறுநீர்ப் பாதையையோ உடலுக்கு வெளியே கொண்டுவர அறுவை சிகிச்சையால் வயிற்றின் மேல் அமைக்கப்படும் திறப்பு. கடற்பஞ்சின் உடலெங்கும் உள்ள ‘ஆஸ்டியா’, பூச்சியின் பக்கவாட்டில் உள்ள சுவாசத் துளைகள், மரப்பட்டையில் உள்ள பட்டைத்துளைகள் ஆகியவையும் சிறு திறப்புகளே என்றாலும் அவற்றை ஸ்டோமா என்று அழைப்பதில்லை.

தாவரத்தின் ஸ்டோமாவைத் தமிழகப் பாடநூல்கள் ‘இலைத்துளை’ என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இலைவாய்’ என்கின்றன. பானைக்கும் பைக்கும் புண்ணுக்கும்கூட வாய் உண்டென்று பேசும் நமக்கு இரண்டாவது சொல்லே பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். துளை என்றதும் என்றும் திறந்தே கிடக்கும் ஓட்டைதான் மனத்தில் தோன்றும். இதுவோ திறக்கவும் மூடவும் வல்லது. அந்த வேறுபாட்டை நேரில் பார்த்துவிட்டால் சொல்லின் பொருள் மறக்காது.

முதலில் அச்செடுக்கும் முறை. வெயிலில் நிற்கும் செடியிலிருந்து, மயிரில்லாத வழுவழுப்பான இலை ஒன்றைப் பறித்து, அதன் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் நன்கு காயவிடுங்கள். காய்ந்த பூச்சின்மேல் ஒளிபுகும் ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் 100 மடங்கிலும் பின்னர் 400 மடங்கிலும் பாருங்கள். புறத்தோல் செல்களின் தடத்துக்கு நடுவே, இரண்டு அவரை விதைகளை எதிரெதிரே வைத்தாற்போல் ஓர் இணை தெரியும். அவை காப்புச் செல்கள். அவற்றுக்கு இடையிலுள்ள பிளவே வாய். புல்லினத்தில் இவை அவரை வடிவில் இல்லாமல், இரு முனையும் பருத்து நடுவில் ஒடுங்கியிருக்கும். பல மரங்களின் இலையில் அடிப்பக்கத்தில் மட்டுமே இவை இருப்பதால்தான் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். நீரில் மிதக்கும் அல்லி இலையிலோ மேற்பக்கத்தில்தான் தேட வேண்டும்.

எத்தனை வாய்கள் என்று எண்ண விரும்பினால், 400 மடங்கில் உங்கள் பார்வைப் புலத்தின், அதாவது நுண்ணோக்கியில் தெரியும் வட்டத்தின், விட்டத்தை அளவுகோல் தகட்டால் (நுண்ணிய அளவுக்கோடுகள் பொறித்த கண்ணாடித் தகடு) அறிந்துகொள்ளுங்கள். விட்டம் 0.4 மில்லிமீட்டர் என்றால் பரப்பு ஏறக்குறைய 0.126 சதுர மில்லிமீட்டர். அதில் 20 வாய்கள் தென்பட்டால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 160. ஒரே இடத்தில் எண்ணி முடித்துவிடாமல், ஐந்தாறு இடங்களில் எண்ணிச் சராசரி காணுங்கள்.

அச்சு வெறும் தடம்தான், அது அசையாது. அசைவைக் காண உயிருள்ள தோல் வேண்டும், அதற்கு, இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் அழகுச் செடியான ரியோ மிகவும் ஏற்றது. இலையைச் சாய்வாகக் கிழித்து, ஊதா நிற அடித்தோலின் மெல்லிய சவ்வை இடுக்கியால் உரித்து, ஒரு சொட்டு நீரில் விரித்து, கவர் ஸ்லிப் எனும் மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடுங்கள். ஊதா செல்களுக்கு நடுவே காப்புச் செல்கள் மட்டும் பச்சையாகத் தெரியும், ஏனெனில் அவற்றில் பசுங்கணிகங்கள் உண்டு. ஒளி பட்டதும் அச்செல்களுக்குள் பொட்டாசியம் அயனிகள் சேர, அவற்றைத் தொடர்ந்து நீர் புகுந்து செல்கள் விறைக்கின்றன. அவற்றின் சுவரிலுள்ள செல்லுலோஸ் இழைகள் செல்லைப் பருக்கவிடாமல் வளையச் செய்வதால் நடுவே பிளவு விரிகிறது.

இப்போது 100 மில்லிலிட்டர் நீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் ஒரு சொட்டு விட்டு, எதிர் விளிம்பில் வடிதாளை வைத்து அடியிலுள்ள நீரை உறிஞ்சுங்கள். கண்ணை எடுக்காமல் ஒரே வாயைப் பார்த்துக்கொண்டிருங்கள்: உப்புநீர் வந்து சேர்ந்ததும் காப்புச் செல்கள் நீரிழந்து தொய்ந்து, பிளவு கோடாக ஒடுங்கும். வாய் ஒடுங்கிய உடனே, அதிகம் காத்திராமல், அதே முறையில் நல்ல நீரைச் செலுத்துங்கள். செல்கள் உயிரோடிருந்தால் மீண்டும் விறைத்து, அந்த வாய் மெல்லத் திறக்கத் தொடங்கும்.