உளவியல் படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு அடிஸ்கேலை எடுங்கள்

"உளவியல் படித்தால் எதிரில் இருப்பவர் மனத்தில் நினைப்பதைச் சொல்லிவிடலாமா?" சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே உறவினர் யாராவது இப்படிக் கேட்பார். சொல்ல முடியாது. அளக்கத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

படி 1: பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் உளவியல் பட்டப்படிப்பில் சேரலாம். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடி வருகிறவர்களைப் புள்ளியியல் தாள் வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். ஆகவே புள்ளியியலை விடுமுறையிலேயே, கீழே சொல்லும் சின்னச் சோதனையோடு, தொடங்கிவிடுங்கள்.

படி 2: 30 செ.மீ. ஸ்கேலைத் தம்பியை மேலே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழ்முனையில், பூஜ்யத்துக்கு நேராக, ஸ்கேலைத் தொடாமல் உங்கள் விரல்களை விரித்து வையுங்கள். அவன் சொல்லாமல் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ.யில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் ஏறத்தாழ 0.2 விநாடி. வலக்கையில் பத்து முறை, இடக்கையில் பத்து முறை செய்து, சராசரியும் திட்ட விலக்கமும் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) கணக்கிடுங்கள். இரண்டு சராசரிகளும் வேறுபட்டால், அது கையால் வந்ததா, தற்செயலா, பழகியதால் வந்ததா? எந்தக் கையை முதலில் சோதித்தீர்கள் என்பதும் கணக்கில் வரும். இந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், சரியான படிப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

படி 3: முதுகலைக்குப் பணம் கட்டும் முன் எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள். மருந்து எழுத வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ். படித்து மனநல மருத்துவராக வேண்டும். அது வேறு பாதை. மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) ஆக எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. பட்டம் மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் அதன் பதிவும் வேண்டும். விளம்பரத்தை நம்பாதீர்கள், கவுன்சிலின் இணையதளத்தில் உங்கள் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சல் வழியில் படிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்: 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிப்பதில்லை.

படி 4: கலைச்சொல் நோட்டு ஒன்று போடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் எழுதுங்கள். அழுதால் போன் கிடைக்கிறது என்று குழந்தை மேலும் அழுவது நேர்மறை வலுவூட்டல்: பிடித்தது கிடைப்பதால் ஒரு செயல் கூடுகிறது. போனைக் கொடுத்ததும் அழுகை நின்றதால், மறுமுறை அம்மா இன்னும் சீக்கிரம் போனை நீட்டுவது எதிர்மறை வலுவூட்டல்: பிடிக்காதது நீங்குவதால் ஒரு செயல் கூடுகிறது. எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதித்தான் பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள்.