மின்னாத நட்சத்திரம், தெளிவான வியாழன்

மழை விட்டு, நட்சத்திரங்கள் பளிச்சென்று மின்னினால் பலரும் ஆவலாக டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மின்னுகிறது என்றாலே மேலே காற்று கலங்குகிறது என்று பொருள். அன்று வியாழனின் விளிம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். லேசாக மூட்டம் போட்டு, நட்சத்திரங்கள் மங்கலாக, ஆனால் அசையாமல் நிற்கும் மார்கழி இரவுகளில்தான் இங்கே பொள்ளாச்சியில் வியாழனின் குறுக்கே ஓடும் மேகப் பட்டைகளின் ஓரத்து முடிச்சுகள் வரை பார்த்திருக்கிறேன்.

கலங்குவது எந்தக் காற்று என்று முதலில் கண்டுபிடியுங்கள். என்னுடையது 8 அங்குல டாப்சோனியன், அதாவது குழாயின் அடியில் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி வைத்த டெலஸ்கோப்; குவியத் தூரம் 1200 மி.மீ. உச்சிக்கு அருகே ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 10 மி.மீ. ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லை) பிடித்து, ஃபோகஸைக் கலைத்து வட்டத் தட்டாக விரித்துப் பாருங்கள்.

தட்டின் குறுக்கே மெல்லிய புகை சோம்பலாகச் சுருண்டு ஊர்ந்தால், அது குழாய்க்குள் இருக்கும் சூடு. கண்ணாடி இன்னும் ஆறவில்லை. வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த 8 அங்குலக் கண்ணாடிக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். நான் விளக்கு வைக்கும் நேரத்திலேயே வெளியே வைத்துவிடுவேன்.

தட்டு முழுக்கக் கொதித்தால் பெரும்பாலும் பக்கத்துச் சூடுதான் காரணம். மொட்டை மாடி சிமெண்ட் பகலெல்லாம் குடித்த வெயிலை நடுநிசி வரை விட்டுக்கொண்டிருக்கும். மாடியைவிடத் தென்னந்தோப்பு ஓரத்து மண்தரை எவ்வளவோ மேல். மாடிதான் கதி என்றால், பொழுது சாயும்போது தண்ணீர் தெளித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ஏசி வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்க்காதீர்கள்; கோள் அந்த இடத்தைத் தாண்டும்வரை பொறுங்கள். அடிவானத்திலிருந்து 30 பாகைக்குக் கீழே இருக்கும்போது எந்தக் கோளும் சரியாகத் தெரியாது.

வரிவரியாக ஒரே திசையில் வேகமாக ஓடினால் அது மேல்காற்று. நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றை நம்பித்தான் உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் பெரிய உருவத்துக்கு ஆசைப்படாமல் 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு பெரிதாக்கத்தோடு (1200-ஐ 25-ஆல் வகுத்தால் வருவது) நிறுத்திக்கொள்கிறேன். வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் இடம் மாறுவதைப் பார்க்க அது போதும்.

காற்று ஓரளவு அடங்கினால் 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கு. 6 மி.மீ. போட்டு 200-க்குப் போவது விளிம்பு கூர்மையாக நிற்கும் இரவில் மட்டும். உருவம் பெரிதாகி விவரம் கூடவில்லை என்றால் உடனே பழைய ஐபீஸுக்குத் திரும்புங்கள்.

பிறகு ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்துவேன். எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு வியாழன் வெறும் வெளுத்த உருண்டைதான். கலங்கிய இரவிலும் இடையிடையே ஓரிரு நொடி காற்று சட்டென்று நிற்கும். பெரும் சிவப்புப் புள்ளி என்ற புயலும் பட்டையின் மடிப்பும் அப்போதுதான் தெரியும். அந்த நொடியில் கண் ஐபீஸில் இருக்க வேண்டும். பக்கத்தில் தாளும் பென்சிலும் மங்கலான சிவப்பு விளக்கும் வைத்து, தெரிந்ததை உடனுக்குடன் குறியுங்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால், ஒரு படத்தை இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தாமதித்தால் முதலில் வரைந்த புள்ளி நகர்ந்திருக்கும்.