நிமிடத்துக்கு எட்டு மீட்டர்: குளிர்காலக் கடைசியில் கிராப்பி பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும் கிரெனடா ஏரிக்கு, கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்க நான் முதல் தடவை போனது ஒரு பிப்ரவரி மாதம். மெம்ஃபிஸிலிருந்து ஐ-55 சாலையில் தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணம். காலை ஏழு மணிக்குத் தூண்டில் போட்டோம். மதியம் இரண்டு மணி வரை ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் இன்னொரு படகில் ஒரு பெரியவர் பத்து நிமிடத்துக்கு ஒரு மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் நங்கூரம் போட்டு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். கரையில் இருந்த ஒரு பட்ட மரத்தை அடையாளம் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் படகு நகர்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் அவரைப் போல மூன்று மடங்கு வேகத்தில் ஏரியைச் சுற்றியிருக்கிறோம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். மற்றதெல்லாம் போகப்போகக் கைவந்துவிடும்.

அந்தப் பெரியவர் செய்ததற்கு ட்ரோலிங் என்று பெயர். ட்ரோலிங் என்றதும் மீம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. இங்கே அதற்கு, படகை நகர்த்திக்கொண்டே இரையைத் தண்ணீரில் இழுத்துப் போவது என்று பொருள். படகின் முன்பக்கத்தில் நீளமான ராட்களை, அதாவது தூண்டில் கோல்களை, விசிறி போல விரித்து வைப்பதால், அமெரிக்கத் தெற்கில் இதைச் சிலந்தி முறை என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் படகுக்குக் கால் முளைத்த மாதிரிதான் இருக்கும்.

1. மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிராப்பி உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக இருக்கும் நன்னீர் மீன். வெள்ளை, கறுப்பு என இரண்டு வகை. வெள்ளையில் உடம்பின் குறுக்கே பட்டைகள் தெரியும். கறுப்பில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். சந்தேகம் வந்தால் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள்: ஐந்து, ஆறு என்றால் வெள்ளை, ஏழு, எட்டு என்றால் கறுப்பு. கிரெனடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எனிட் ஏரியில் 1957 இல் பிடிபட்ட 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன்தான் வெள்ளைக் கிராப்பியில் இன்றுவரை உலக சாதனை. நமக்கு ஒரு பவுண்டு கிடைத்தாலே சந்தோஷம்.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். இந்த மீனின் கண்கள் தலையின் மேல்பக்கமாக இருக்கின்றன. மேலே பார்த்துத்தான் இரை தேடும். அடுத்தது, வாயோரச் சவ்வு காகிதம் போல மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும்.

2. எங்கே தேடுவது

கிரெனடா வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய நீர்த்தேக்கம். யலோபுஷா, ஸ்கூனா என்ற இரண்டு ஆறுகள் வந்து சேர்கின்றன. வசந்தகால மழைக்கு இடம் வைக்க, குளிர்காலத்தில் நீர்மட்டத்தைக் கோடைகால அளவைவிட இருபது அடிக்கு மேல் இறக்கிவிடுவார்கள். பார்க்க வறண்ட சேற்றுக்காடாக இருக்கும், ஆனால் நமக்கு அது லாபம். பரந்து கிடந்த மீனெல்லாம் பழைய ஆற்றுத் தடங்களில் வந்து ஒடுங்கிவிடும்.

தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது, அதாவது சுமார் 16 செல்சியஸில், கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும். பிப்ரவரிக் கடைசியில் தண்ணீர் பெரும்பாலும் 45க்கும் 55க்கும் நடுவில் இருக்கும். அப்போது மீன் ஆழத்துக்கும் கரைக்கும் நடுவே, ஓடை ஏரியில் கலக்கும் வாயிலிலும் தடத்தின் விளிம்பிலும் கூட்டமாகக் காத்திருக்கும். மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்தால், வடகரைக் குடாக்களைப் பாருங்கள். தெற்கிலிருந்து சாய்ந்து விழும் வெயில் அங்கேதான் நன்றாகப் படும், வாடைக்காற்றும் மறையும். கலங்கல் தண்ணீர் இன்னும் சீக்கிரம் சூடேறும். திடீரென்று குளிர் திரும்பினால் மீனும் ஆழத்துக்குத் திரும்பிவிடும். அன்றைக்குப் போன வாரம் பிடித்த இடத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

3. சாமான்கள்

கடைக்காரர் எட்டு ராட் வாங்கச் சொல்வார். நான்கு போதும் என்பேன். எட்டு தூண்டில் நரம்பும் ஒன்றோடொன்று சிக்கி, விரல் விறைத்துப்போன நிலையில் அதைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். 12 அல்லது 14 அடி ராட், நரம்பைச் சுற்றி வைக்கச் சாதாரண ரீல், 8 முதல் 10 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ராட் தாங்கிகளைப் பொருத்துங்கள். ராட் நுனி தண்ணீருக்கு ஓரடி மேலே இருந்தால் சரி.

ஒருவர் எத்தனை ராட் வைக்கலாம், எத்தனை மீன் எடுக்கலாம், மீன் குறைந்தது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் ஏரிக்கு ஏரி மாறும். உரிமம் எடுக்கும்போதே அந்த ஏரியின் விதியையும் படித்துவிடுங்கள். அளவுகோல் படகிலேயே இருக்கட்டும்.

4. தூண்டில் கட்டுவது

டென்னசிக்காரர்கள் ரோனி கேப்ஸ், ஸ்டீவ் கோல்மன் இருவரும் இந்த முறையில் போட்டி போட்டியாக ஜெயித்தவர்கள். அவர்கள் பெயராலேயே அறியப்படும் கட்டு ஒன்று உண்டு. எளிமையாகச் சொன்னால் இப்படி:

முதன்மை நரம்பின் முனையில் மூன்று வளைய ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் சிறு இணைப்பு) ஒன்றைக் கட்டுங்கள். பக்கவாட்டு வளையத்தில் ஆறு அங்குல நரம்பு, அதில் மேல்முள். கீழ் வளையத்தில் மூன்றடி நரம்பு. அதன் பாதியில், நடுவில் துளையுள்ள முட்டை வடிவ ஈயக்குண்டைக் கோத்து, நகராமல் இருக்க நரம்பைத் துளை வழியாக மூன்று நான்கு தடவை சுற்றிவிடுங்கள். அடிமுனையில் கீழ்முள். குண்டு அரை அவுன்ஸ் இருந்தால் நரம்பு நேராகத் தொங்கும். முள் 2ஆம் எண், மெல்லிய கம்பியில் செய்தது. ஏன் மெல்லியது என்பது கட்டையில் மாட்டும்போது புரியும்.

இரைக்கு இரண்டு அங்குல உயிர்மீன். கீழுதட்டில் நுழைத்து மேலுதட்டில் முள் வெளியே வரட்டும், நீந்திக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை ஏரியில் கொட்டாதீர்கள்.

5. ஆழம்

ஒலி அலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் கருவியின் திரையில், 18 அடித் தண்ணீரில் மீன் 12 அடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரையை 10, 11 அடிக்கு விடுங்கள். 13க்குப் போனால் அது மீனின் தாடைக்குக் கீழே கிடக்கும், திரும்பிக்கூடப் பார்க்காது. ரீலுக்கும் ராட்டின் முதல் வளையத்துக்கும் நடுவில் நரம்பைப் பிடித்துக் கையால் ஓர் இழுப்பு இழுத்தால் எவ்வளவு வருகிறது என்று வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டடி வரும். தண்ணீரில் இழுப்புகளை எண்ணினாலே ஆழம் தெரிந்துவிடும். முதலில் நான்கு ராட்டையும் நான்கு ஆழத்தில் வையுங்கள். ஒரே ராட்டில் இரண்டு மீன் வந்தால் மற்றதையும் அந்த ஆழத்துக்கு மாற்றுங்கள்.

6. வேகம்

மணிக்கு 0.3 மைல். ஜிபிஎஸ்ஸில் இந்த எண்ணைப் பார்த்தால் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். நிமிடத்துக்கு எட்டு மீட்டர்தான் அது. நடக்கப் பழகும் குழந்தைகூட முந்திவிடும். குளிர்ந்த நீரில் மீனின் உடம்பும் மந்தமாகிவிடும், இரையைத் துரத்தாது. மூக்குக்கு எதிரே வந்து நின்றால் வாய் திறக்கும், அவ்வளவுதான். மிகக் குளிரான நாளில் 0.2க்கு இறங்குங்கள். தண்ணீர் 55ஐத் தொட்ட நாளில் 0.5 வரை போகலாம்.

ஜிபிஎஸ் இல்லையென்றால் நரம்பைப் பாருங்கள். ஏறத்தாழ செங்குத்தாக நின்றால் வேகம் சரி. பின்னால் சாய ஆரம்பித்தால் இரை மேலே ஏறுகிறது என்று பொருள். நீங்கள் போட்ட ஆழக் கணக்கெல்லாம் வீண்.

காற்றை எதிர்த்தே போங்கள். மின்மோட்டார் அணியத்தில் இருப்பதால் படகின் மற்ற பகுதி கொடித்துணி போல அதன் பின்னால் நேராக நிற்கும். காற்று முதுகில் அடித்தால் படகு உங்கள் பேச்சைக் கேட்காது. அப்படித்தான் போயாக வேண்டுமென்றால், பின்பக்கம் இரண்டு கனமான சங்கிலிகளைத் தண்ணீரில் தொங்கவிடுபவர்கள் உண்டு. வேகம் நன்றாகக் குறையும்.

7. கடித்தால்

ராட் நுனி படக்கென்று கீழே போகும் என்று எதிர்பார்ப்பீர்கள். பாதி நேரம் நேர் எதிராக நடக்கும். மீன் இரையைக் கவ்விக்கொண்டு மேலே வர, குண்டின் பாரம் குறைந்து நுனி நிமிர்ந்துவிடும், நரம்பு தொய்யும். அதுவும் கடிதான். ராட்டைத் தாங்கியிலிருந்து எடுத்து, குடம் தூக்குகிற மாதிரி நிதானமாகத் தூக்குங்கள். சுண்ட வேண்டாம். கைவலை கட்டாயம் வேண்டும். வாய் கிழிந்து தப்புவது பெரும்பாலும் படகின் ஓரத்தில்தான்.

நுனி மெதுவாகப் பின்னோக்கி வளைந்துகொண்டே போனால் அது கட்டை. ராட்டால் மல்லுக்கட்டாமல், படகைப் பின்னுக்கு எடுத்து, கட்டைக்கு நேர்மேலே வந்து, நரம்பை ஒரு குச்சியில் சுற்றி நேராக இழுங்கள். மெல்லிய கம்பி நிமிர்ந்து வெளியே வந்துவிடும். இடுக்கியால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம்.

8. குளிர்

உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும். 50 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் விழுந்த முதல் நிமிடத்திலேயே மூச்சு தாறுமாறாகி நீரை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. பிறகு சில நிமிடங்களில் கை கால் சொன்ன பேச்சு கேட்காது. நீச்சல் தெரியும் என்பதை நம்பி இறங்காதீர்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பிடித்ததை உடனே ஐஸில் போடுங்கள். கிராப்பியின் சதை வெள்ளையாக, மிக மென்மையாக இருக்கும். ஆசைப்பட்டுப் புளிக்குழம்பில் போட்டுப் பார்த்தோம். இரண்டு கொதியில் கரைந்து முள் மட்டும் மிஞ்சியது. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு பிரட்டி, சூடான எண்ணெயில் மூன்று நிமிடம் வறுத்தால் சரியாக இருக்கும்.