கொடியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

17ஆம் நூற்றாண்டுப் போர்களில் நடுநிலை நாட்டு வணிகக் கப்பல்கள் பிடிபட்டதைப் பற்றி எழுத வரும் இளையவர்களின் கட்டுரைகள் அவ்வப்போது என்னிடம் வரும். எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். அரசின் அனுமதியோடு எதிரிக் கப்பலைப் பிடித்தவனையும் கடற்கொள்ளையனையும் குழப்புவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். இரண்டு நூல் படித்தால் அது தானே சரியாகிவிடும்.

கொடியை வைத்து உரிமையாளரைத் தீர்மானிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு இது. ஒரு மாணவர் 1652–54 ஆங்கில–டச்சுப் போரில் பிடிபட்ட கப்பல்களைப் பட்டியல் போட்டு, ஹாம்பர்க், லூபெக் என்று பதிவானதையெல்லாம் கூட்டி, போர்க்காலத்தில் ஜெர்மன் துறைமுகங்களின் வணிகம் கொழித்தது என்று முடிவு கட்டியிருந்தார். அட்டவணை அழகுதான். அந்தக் கப்பல்களில் எவையெல்லாம் ஆம்ஸ்டர்டாம்காரர்களின் பணத்தில் ஓடின என்ற கேள்விதான் அதில் இல்லை. மொத்த அத்தியாயத்தையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

போர் வந்ததும் டச்சு வணிகர் பலர் கப்பலை நடுநிலை ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டதாகப் பத்திரம் எழுதினார்கள். அந்த ஊரின் கடவுச்சீட்டு வந்துவிடும், புதுக் கொடி ஏறிவிடும். முதலும் லாபமும் பழைய இடத்திலேயே இருக்கும். நம்மூர் பினாமி சொத்து மாதிரிதான்.

பிடித்தவர்களுக்கும் இது தெரியும். அதனால் பிடிபட்ட கப்பல்களின் வழக்கை விசாரித்த லண்டன் அட்மிரால்டி நீதிமன்றத்தின் கேள்விகள் கொடியோடு நிற்கவில்லை. கப்பல் தலைவன் எங்கே பிறந்தவன், எங்கே குடியிருக்கிறான், மனைவி எந்த ஊரில், அவனை வேலைக்கு வைத்தது யார், பிடிபடும்போது காகிதம் எதையாவது கடலில் எறிந்தானா என்றெல்லாம் கேட்டார்கள். கொடி லூபெக்குடையது, குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் என்றால் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும். நீங்கள் முதலில் தேட வேண்டியது இந்த வாக்குமூலத்தைத்தான்.

சரி, தீர்ப்பில் டச்சுச் சொத்து என்று எழுதியிருந்தால் நம்பிவிடலாமா? அதுவும் கூடாது. 1652இல் ஸ்பெயினிலிருந்து வெள்ளி ஏற்றி வந்த சாம்சன், சால்வடார், செயின்ட் ஜார்ஜ் என்ற மூன்று கப்பல்கள் பிடிபட்டன. சரக்கு நடுநிலையாளருடையது என்று வாதாடினார்கள். ஸ்பானியத் தூதரும் தலையிட்டார். தாமஸ் வயலட் என்ற பொற்கொல்லர் அது டச்சு வெள்ளிதான் என்று விடாமல் சாட்சி சேர்த்தார். அன்றைய ஆங்கில அரசுக்குப் பணமுடை. வெள்ளி லண்டன் டவர் நாணயச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. பணத்தேவை உள்ளவரே தீர்ப்பும் சொல்லும் வழக்கில், எதிர்த்தரப்பின் தாள்களையும் படிக்காமல் எழுதாதீர்கள்.

உரிமையாளர் ஒருவர், சீட்டு வேறொருவருடையது என்ற சிக்கல் நம் பக்கத்துக் கடலிலும் உண்டு. 1698 ஜனவரியில் மலபார்க் கடலோரம், எதிரிக் கப்பல்களைப் பிடிக்க ஆங்கில அரசின் அனுமதி பெற்று வந்த வில்லியம் கிட் பிடித்த குவெடா மெர்ச்சன்ட் கப்பலின் சரக்கில் ஆர்மீனிய வணிகர்களுக்குப் பெரும் பங்கு; தலைவன் ஆங்கிலேயன்; கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றித்தான் அந்தச் சீட்டை வெளியே வரவழைத்தான். பிரான்ஸ் எதிரி நாடு, ஆகவே சீட்டு பிரெஞ்சு என்றால் பிடித்தது நியாயம் என்பது அவன் வாதம். விசாரணையில் சீட்டு கிடைக்கவில்லை. கொலைக் குற்றமும் சேர்ந்துகொள்ள, 1701 மே மாதம் தூக்கிலிட்டார்கள். சீட்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஆவணங்களுக்குள்ளிருந்து வெளிவந்தது.

நூற்றாண்டு முழுக்க ஒரே விதி என்று நினைப்பது

பழைய வழக்கப்படி, நடுநிலைக் கப்பலில் இருக்கும் எதிரிச் சரக்கைப் பிடிக்கலாம். கப்பலை விட்டுவிட வேண்டும். கப்பல் நடுநிலை என்றால் சரக்குக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று டச்சுக்காரர்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமாகக் கேட்டார்கள். 1674இல் இங்கிலாந்தும் ஒப்புக்கொண்டது. அப்போது டச்சுக்காரர்கள் பிரான்சோடு போரில் இருக்க, ஆங்கிலேயர்களே நடுநிலையாளர்களாகிச் சரக்கேற்றிச் சம்பாதித்தார்கள். பிரான்சின் 1681 கடல் சட்டமோ எதிரிச் சரக்கு ஏற்றிய கப்பலையும் சேர்த்தே பறிமுதல் என்றது. 1689இல் இங்கிலாந்தும் டச்சுக்காரர்களும் கைகோத்து, பிரான்சோடு யாருமே வணிகம் செய்யக் கூடாது என்றார்கள். நாற்பது ஆண்டுகளாக நடுநிலை உரிமை பேசிய டச்சுக்காரர்களே இப்படி! ஸ்வீடனும் டென்மார்க்கும் 1691இல் தங்கள் வணிகத்தைக் காக்கச் சேர்ந்துகொண்டன. ஆகவே எந்த ஆண்டு, எந்த இரு நாடுகள், அவற்றுக்கிடையே என்ன ஒப்பந்தம் என்று பார்க்காமல் ‘சட்டப்படி’ என்ற சொல்லையே தொடாதீர்கள்.

போர்ச்சரக்கு (எதிரிக்குக் கொண்டுபோகக் கூடாத சரக்கு) என்றால் துப்பாக்கி மட்டும்தான் என்று நினைப்பது

கப்பலுக்கு வேண்டிய கீல் (தார்), சணல், பாய்மரம் பற்றித்தான் பெரிய சண்டையே. 1674 ஒப்பந்தம் இவற்றைத் தடையில்லாச் சரக்கு என்றது. எல்லா ஒப்பந்தமும் அப்படிச் சொல்லவில்லை.

பிடிபட்டது என்றால் பறிமுதல்

இல்லை. தீர்ப்புத் தாள் வரை போங்கள்.

தேதி

இங்கிலாந்தில் அப்போது ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. கிட் அந்தக் கப்பலைப் பிடித்த 1698 ஜனவரி, ஆங்கிலத் தாள்களில் 1697 ஜனவரி. அப்படியே எடுத்துக்கொண்டால், 1697 செப்டம்பரில் பிரான்சோடு நடந்த போரை முடித்த ரைஸ்விக் சமாதானம் கையெழுத்தானதற்கு முன்பே பிடித்ததாக ஆகிவிடும், வரிசையே தலைகீழ். அப்புறம், ஹாலந்து புதிய நாட்காட்டியில் இருந்தது. இங்கிலாந்தும் ஹாம்பர்க்கும் பத்து நாள் பின்தங்கிய பழையதில். ஹாம்பர்க் கப்பலுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கடிதத்தை வரிசைப்படுத்தும் முன் அந்தப் பத்து நாளைக் கழித்துக்கொள்ளுங்கள்.