வீட்டு ஃபர்னஸும் நாம சுவாசிக்கிற காத்தும்: குளிர் தொடங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

குளிர் ஆரம்பிச்சதும் மூக்கடைப்பு, தொண்ட வறட்சி, காலைல எந்திரிச்சா தலவலின்னு வீட்ல ஆளாளுக்கு ஒன்னு சொல்லுவாங்க, நாமளும் சீசன் மாறுதுல்ல அதான்னு விட்டுடுவோம். நானும் ரெண்டு வருஷம் அப்டித்தான் விட்டேன். சின்னவளுக்கு ராத்திரி இருமல் நிக்கவே இல்லன்னதும்தான் கீழ போய் ஃபர்னஸ் ஃபில்டர வெளிய இழுத்துப் பாத்தேன், சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி தூசி அப்பிக் கெடந்துச்சு. அன்னைலேருந்து தேடித்தேடிப் படிச்சு, வர்ற டெக்னீசியன்கிட்டல்லாம் கேட்டு தெரிஞ்சுகிட்டத இங்க எழுதுறேன். கேஸ்ல எரிஞ்சு, டக்ட்ங்குற காத்துக்குழாய் வழியா எல்லா ரூமுக்கும் சூடான காத்த தள்ளுற ஃபர்னஸ் இருக்குற வீடுகளுக்குத்தான் இது முக்கியமா.

மொதல்ல ஒன்னு புரிஞ்சுக்கங்க, ஃபர்னஸ் பெரும்பாலும் வெளிக்காத்த உள்ள கொண்டு வர்றதில்ல. ரூம்ல இருக்குற காத்தையே ரிட்டர்ன் டக்ட் வழியா இழுத்து, ஃபில்டர்ல விட்டு, சூடாக்கி திரும்ப அதே ரூமுக்கு அனுப்புது. தூசி, செல்லப்பிராணி முடி, சமையல் புகை, பெயின்ட் வாசன எல்லாமே அந்தச் சுத்துலயே சுத்திகிட்டு இருக்கும். உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு ஒரு பாகம் இருக்கு, அதுல ஒரு பக்கம் தீயும் புகையும், இன்னொரு பக்கம் நாம சுவாசிக்கிற காத்து, நடுவுல ஒரு மெல்லிசான உலோகச் சுவர்தான். புகை அதோட குழாய் வழியா வெளிய போய்டணும், இந்தப் பக்கம் வரவே கூடாது.

வந்தா அதோட சேந்து வர்றது கார்பன் மோனாக்சைடுங்குற விஷவாயு. இந்தக் கட்டுரைல வேற எதையும் படிக்க நேரம் இல்லன்னாலும் இத மட்டும் படிங்க, ஏன்னா இதுக்கு நிறமும் கெடையாது வாசனையும் கெடையாது. ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின்ல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா போய் ஒட்டிக்கும், அப்புறம் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போறது கொறஞ்சுகிட்டே வரும். தலவலி, தலசுத்தல், குமட்டல், அசதின்னு அப்டியே ஃப்ளூ மாதிரி இருக்கும், ஆனா காய்ச்சல் இருக்காது. வீட்ல ரெண்டு மூனு பேருக்கு ஒரே நேரத்துல வருதா, வெளிய போனா சரியாகி வீட்டுக்கு வந்தா திரும்பவும் வருதா, நாயோ பூனையோகூட சோர்ந்து படுத்துருக்கா, அப்போ சந்தேகப்படுங்க. இன்னொரு விஷயம், வெரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர நம்பிடாதீங்க. ஆக்சிஜன் ஒட்டின ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஒட்டினதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது, 98ன்னு காட்டிகிட்டே இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனா "வீட்ல கேஸ் ஃபர்னஸ் ஓடுது, கார்பன் மோனாக்சைடா இருக்குமோன்னு பயமா இருக்கு"ன்னு வாய்விட்டு சொல்லுங்க, சொன்னாத்தான் அதுக்குன்னு இருக்குற ரத்த டெஸ்ட எடுப்பாங்க.

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், தூங்குற ரூம் பக்கத்துல கண்டிப்பா ஒன்னு. அமெரிக்காவோட யுஎல் 2034ங்குற பாதுகாப்புத் தரப்படி செஞ்ச சாதாரண அலாரம் 70 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல 70 பங்கு) அளவுக்கு ஒரு மணி நேரத்துலேருந்து நாலு மணி நேரத்துக்குள்ளதான் கத்தும், 400 பிபிஎம் போனாத்தான் 4லேருந்து 15 நிமிஷத்துல கத்தும். அதனால அலாரம் அடிக்கலங்குறதுக்காக காத்து சுத்தமா இருக்குன்னு நெனச்சுடாதீங்க, கர்ப்பிணி, கைக்குழந்த, இதய நோயாளி இருக்குற வீடுன்னா கொறஞ்ச அளவக்கூட நம்பரா காட்டுற டிஸ்ப்ளே உள்ளத வாங்குறது நல்லதுன்னு நான் நெனக்கிறேன். பின்பக்கம் காலாவதி தேதி போட்டிருக்கும், உள்ள இருக்குற சென்சார் 5லேருந்து 10 வருஷந்தான் வரும், டெஸ்ட் பட்டன் அமுக்குனா சத்தம் வருதேன்னு இருந்துடாதீங்க, அது சத்தத்தையும் பேட்டரியையுந்தான் சோதிக்குது. அலாரம் அடிச்சா ஜன்னல தொறந்துவச்சுட்டு எங்கேருந்து வருதுன்னு தேடிகிட்டு இருக்காதீங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போய் வெளிய நின்னு எமர்ஜென்சிக்கு கூப்பிடுங்க. அழுகின முட்ட நாத்தம் வந்தா அது கேஸ் லீக், அப்பவும் வெளியதான் போகணும், ஸ்விட்ச் எதையும் தொடாம.

புகை எதனால உள்ள வரும்னு கேட்டா, எக்ஸ்சேஞ்சர்ல விரிசல் ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்ல. புகைக்குழாய் கழண்டிருக்கலாம், பறவ கூடு கட்டி அடச்சிருக்கலாம், செவுத்துக்கு வெளிய நீட்டிகிட்டு இருக்குற ப்ளாஸ்டிக் பைப்ப பனி மூடியிருக்கலாம் (பனி கொட்டின அன்னைக்கு அத போய் பாக்குறத பழக்கமாக்கிக்கங்க). பழைய மாடல்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, கிச்சன் எக்ஸாஸ்ட், பாத்ரூம் ஃபேன், ட்ரையர் எல்லாம் ஒன்னா ஓடுனா வீட்டுக்குள்ள காத்தழுத்தம் கொறஞ்சு, மேல போக வேண்டிய புகை கீழ எறங்கிடும். வருஷத்துக்கு ஒரு தடவ சர்வீஸுக்கு ஆள் வர்றப்ப சும்மா தொடச்சுட்டுப் போக விடாதீங்க, புகைல கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்குன்னு மீட்டர் வச்சு அளந்து சொல்லுங்க, எல்லா ஃபேனையும் போட்டுட்டு ட்ராஃப்ட், அதாவது புகை மேல இழுபடுறது, சரியா இருக்கான்னு பாருங்கன்னு கேளுங்க. தீ நீலமா இருக்கணும், மஞ்சளா சோம்பலா ஆடுச்சுன்னா உடனே நிறுத்திட்டு கூப்பிடுங்க, நீலமா இருந்தா மட்டும் எல்லாம் சரின்னு அர்த்தம் இல்ல.

சரி, இப்ப ஃபில்டர். இத நாமளே பண்ணிக்கலாம், தினசரி சுவாசிக்கிற காத்துல பெரிய வித்தியாசம் தெரியுறதும் இதுலதான். அட்டைல மெர்வ்னு ஒரு நம்பர் இருக்கும், ஃபில்டர் துகள எவ்வளவு நல்லா பிடிக்கும்னு சொல்ற அளவு அது, நம்பர் கூடுனா சின்னத் துகளையும் பிடிக்கும். ஒளி ஊடுருவுற மெல்லிசான ஃபைபர் கிளாஸ் ஃபில்டர் மெர்வ் 4க்குள்ளதான் வரும், அது மெஷினக் காப்பாத்தத்தான், நம்ம நுரையீரலுக்கு இல்ல. மெர்வ் 8 பெரிய தூசி, மகரந்தத்த ஓரளவுக்குப் பிடிக்கும். மெர்வ் 13னா 0.3லேருந்து 1 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் இருக்குற நுண்துகள்லயே பாதிய பிடிக்கணும், 1லேருந்து 3 மைக்ரான்ல 85%. ஆஸ்துமா இருக்குற வீட்டுக்கு, காட்டுத்தீ புகை வர்ற எடத்துக்கு இதுதான் பொருத்தம், ஏன்னா நுரையீரல் ஆழத்துக்குப் போய் ரத்தத்துலயும் கலக்குறது பிஎம் 2.5ன்னு சொல்ற, 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்குற துகள்தான். ஆனா நேரா போய் 1 இன்ச் மெர்வ் 13 வாங்கி சொருகிடாதீங்க. நெருக்கமான ஃபில்டர்ல காத்து போக கஷ்டப்படும், காத்த தள்ளுற பழைய ப்ளோவர் ஃபேன் திணறும், காத்து கொறஞ்சா எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறி சூடாகி அதோட ஆயுசும் கொறையும். உங்க மெஷின் எதுவரைக்கும் தாங்கும்னு டெக்னீசியன்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க, முடிஞ்சா 4 இன்ச் தடிமன் போடுற மாதிரி பெட்டிய மாத்திக்கங்க.

ஃபில்டர் ஓரத்துல ஒரு அம்புக்குறி இருக்கும், அது ஃபர்னஸப் பாத்து இருக்கணும். எங்க வீட்ல அது தலகீழாதான் இருந்துச்சு. சைஸ் கொஞ்சம் சின்னதா இருந்து ஓரத்துல எடவெளி விட்டாலும் காத்து அந்த வழியாவே போய்டும், எந்த நம்பர் ஃபில்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல. 1 இன்ச்னா மாசத்துக்கு ஒரு தடவ பாருங்க, மூனு மாசத்துக்கு மேல வைக்காதீங்க, 4 இன்ச்னா ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷம் வரும், போடுற தேதிய மார்க்கர்ல ஓரத்துலயே எழுதி வச்சுடுங்க. அப்புறம் ஃபேன் ஓடுனாத்தான் ஃபில்டர் வேல செய்யும், தெர்மோஸ்டாட்ல ஃபேன் ஆட்டோல இருந்தா சூடு வேணுங்குறப்ப மட்டுந்தான் ஓடும், புகை நாள்லயோ வீட்ட கூட்டிப் பெருக்குன பிறகோ ஒரு சில மணி நேரம் ஆன்ல வைங்க.

மூக்குல ரத்தம் வர்றதுக்கும் தோல் வெடிக்கிறதுக்கும் ஃபர்னஸ் ஈரத்த உறிஞ்சுதுன்னு நெறைய பேர் சொல்றாங்க, அப்டி இல்ல. வெளிய 0 டிகிரி காத்துல ஈரம் தாங்குறதே கொஞ்சம், அது உள்ள வந்து 21 டிகிரிக்கு சூடானா ஈரப்பதம் 25% பக்கம் விழுந்துடும். 30லேருந்து 50%க்குள்ள வச்சுக்கங்க, ஈரப்பதத்த அளக்க ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் போதும். ரொம்ப காஞ்சா மூக்கோட உள்சவ்வு வறண்டு கிருமிய தடுக்குற சக்தி கொறையும், ஃப்ளூ வைரஸும் வறண்ட காத்துல அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். அதுக்காக காத்துல ஈரம் சேக்குற ஹ்யூமிடிஃபையர ஃபுல்லா திருப்பி வச்சா ஜன்னல்ல தண்ணி வழியும், பூஞ்ச, தூசிப்பூச்சி ரெண்டும் வந்துடும். ஃபர்னஸ்லயே மாட்டியிருக்குற ஹ்யூமிடிஃபையர்னா உள்ள இருக்குற பேட வருஷாவருஷம் மாத்துங்க.

டக்ட்ல ஓட்ட இருந்தா, அதுவும் ரிட்டர்ன் பக்கம், பேஸ்மென்ட்ல இருக்குற பூஞ்ச வாசன, கராஜ்ல இருக்குற கார் புகை எல்லாத்தையும் உறிஞ்சி படுக்கற ரூமுக்கே அனுப்பிடும். இணைப்பு எல்லாத்தையும் மாஸ்டிக்ங்குற பசையோ ஃபாயில் டேப்போ வச்சு அடைங்க, டக்ட் டேப்னு விக்கிற துணி டேப் சூட்டுல காஞ்சு உரிஞ்சுடும். டக்ட் க்ளீனிங்குக்கு வருஷாவருஷம் காசு குடுக்கணும்னு அவசியம் இல்ல, உள்ள பூஞ்சையோ எலியோ தூசி அடைப்போ கண்ணால பாத்தா மட்டும் பண்ணுங்க. ப்ளீச், பெயின்ட், தின்னர் எதையும் ஃபர்னஸ் பக்கத்துல வைக்காதீங்க, ப்ளீச்லேருந்து வர்ற குளோரின் ஆவி தீயோட கலந்து அந்த எக்ஸ்சேஞ்சரயே அரிச்சுடும். காத்த சுத்தம் பண்ணுதுன்னு டக்ட்ல மாட்டச் சொல்ற ஓசோன் விடுற கருவி எதுவும் வேண்டாம், ஓசோனே நுரையீரலுக்கு எரிச்சல்.

சீசன்ல மொத தடவ போடுறப்ப தூசி கருகுற வாசன கொஞ்ச நேரம் வரும், ஜன்னல தொறந்து விட்டா போய்டும். ஒரு நாளுக்கு மேல இருந்தாலோ ப்ளாஸ்டிக் எரியுற மாதிரி வந்தாலோ நிறுத்திட்டு ஆள கூப்பிடுங்க.