த்ராம்ப்ளே: ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர் த்ராம்ப்ளே. சராசரியாக நூறு பேரில் ஒருவருக்கு இந்தப் பெயர். பிரான்சிலும் த்ராம்ப்ளேக்கள் உண்டு, ஆனால் அங்கே இவ்வளவு நெரிசல் கிடையாது. கியூபெக்கின் கூட்டத்துக்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். 1626இல் பிரான்சின் ரான்தொனே என்ற சிற்றூரில் திருமுழுக்குப் பெற்ற பியேர் த்ராம்ப்ளே 1647இல் கடல் கடந்து அங்கே போனார். 1657 அக்டோபர் 2 அன்று, லா ரொஷேல் வட்டாரத்திலிருந்து வந்திருந்த ஒசான் அஷோன் என்ற பெண்ணைக் கியூபெக் நகரில் மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களில் நான்கு மகன்கள் வழியாகப் பெயர் பெருகியது. இன்று வட அமெரிக்காவில் இருக்கும் த்ராம்ப்ளேக்கள் ஏறத்தாழ எல்லோரும் இந்தத் தம்பதியின் வழி வந்தவர்கள்தான்.

கேட்க அழகான கதை. நடந்ததும் இதுதான். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு வேறொரு பிரெஞ்சுப் பெயரைத் தேடப் போனால் கால் இடறும். ஏன் த்ராம்ப்ளேயையே தேடினாலும் இடறும். எங்கெங்கே என்று சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் பெயரின் பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். த்ராம்ப்ளே என்றால் ஆஸ்பென் மரங்கள் அடர்ந்த தோப்பு. மெல்லிய காற்றுக்கே நடுங்கும் இலைகள் கொண்ட மரம் அது, நம் அரசமரம் போல. 'நடுங்குவது' என்பதே பிரெஞ்சில் அந்த மரத்தின் பெயர். சரி, பொருள் தெரிந்துவிட்டது. உடனே வரைபடத்தைத் திறந்தால் பாரிசின் பெரிய விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே த்ராம்ப்ளே என்று ஓர் ஊர் கண்ணில் படும். 'இதுதான் பூர்வீகம்' என்று எழுதி வைத்துவிடுவார்கள். பியேர் பிறந்த ரான்தொனே அந்தப் பக்கமே இல்லை. பாரிசுக்கு மேற்கே, நார்மண்டியை ஒட்டிய பெர்ஷ் என்ற பழைய மாநிலத்தில் இருக்கிறது. ஆஸ்பென் தோப்பு பிரான்சில் எத்தனையோ இடங்களில் இருந்தது, அத்தனை இடங்களிலும் யாரோ ஒருவர் 'தோப்புக்காரர்' ஆகியிருப்பார். முதன்முதலில் பெயர் வைத்தபோது அதற்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் பொருள் சொல்லும். எந்தத் தோப்பு என்பது அதில் இருக்காது.

இதன் தொடர்ச்சிதான் ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் என்ற நம்பிக்கை. த்ராம்ப்ளே விஷயத்தில் அது தற்செயலாகப் பலித்தது, அதனாலேயே ஆபத்தும் ஆனது. கியூபெக்கின் இன்னொரு பெரிய பெயரான ரொய் அதற்கு நேர்மாறு. 'அரசன்' என்று பொருள். ஊர்த் திருவிழாவில் ராஜா வேடம் கட்டியவர், மிடுக்காக நடந்தவர், அரசனின் பண்ணையில் வேலை பார்த்தவர் எனப் பலருக்கும் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்ட சொல் அது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல ரொய்கள் தனித்தனியாகக் கப்பலேறி வந்தார்கள். நமக்குத் தெரிந்த வங்காள ராய்க்கும் இதற்கும் குடும்பத் தொடர்பு எதுவும் கிடையாது. லத்தீன் 'ரெக்ஸ்', சமஸ்கிருத 'ராஜன்' இரண்டும் வேரில் உறவுச் சொற்கள் என்பது மொழியின் சங்கதி, வம்சத்தின் சங்கதி அல்ல.

அப்புறம் எழுத்து. 'எங்கள் பெயரில் இந்த எழுத்து வராது, ஆகவே இவர் எங்கள் ஆள் இல்லை' என்று சொல்லி உண்மையான முன்னோரையே ஒதுக்கிவிட்டவர்கள் ஏராளம். பிரான்சில் திருமுழுக்குகளைப் பதிய வேண்டும் என்று 1539இல் முதலாம் பிரான்சுவா அரசர் வில்லேர்-கொத்ரே ஆணையில் சொன்னார். திருமணத்தையும் இறப்பையும் 1579இன் ஆணை சேர்த்தது. எழுதியவர் பங்குத்தந்தை, சொன்னவருக்குப் பெரும்பாலும் எழுத்தே தெரியாது. காதில் விழுந்தது ஏட்டில் ஏறியது. ஒரே மனிதர் திருமணப் பதிவில் ஒருவிதமாகவும், பிள்ளையின் திருமுழுக்குப் பதிவில் வேறுவிதமாகவும் இருப்பார். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறெதையும் யாரும் சூடக் கூடாது என்று சட்டம் வந்ததே 1794இல்தான், அதுவும் பிரான்சில். அதற்குள் கியூபெக் ஆங்கிலேயர் கைக்குப் போய் முப்பது வருடம் ஆகியிருந்தது.

எழுத்து மட்டுமல்ல, தலையெழுத்தே மாறும். பாடகி செலின் தியோனின் குடும்பப் பெயர் முன்பு கியோன். 1634இல் பெர்ஷிலிருந்து வந்த ழான் கியோன் என்பவரின் வழி அது. கியோன் எப்படித் தியோன் ஆனது? அந்த வட்டாரப் பேச்சில் இரண்டு ஒலிகளும் நாக்கில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். வாயால் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும். பட்டியலில் அகரவரிசைப்படி தேடிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் புரியாது. பதிவேட்டைக் காதால் படியுங்கள் என்பது இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த அறிவுரை.

எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போன த்ராம்ப்ளேக்களுக்கும் இதுதான் நடந்தது. பிரெஞ்சு மூக்கொலி ஆங்கிலக் காதுக்கு 'ஓம்' என்று கேட்டது. அதனால் அங்கே அவர்கள் ட்ரோம்ப்லி. லெப்லான் ஒயிட் ஆனார், ரொய் கிங் ஆனார், 'பச்சை மரம்' என்று பொருள்படும் புவாவேர் கிரீன்வுட் ஆனார். இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு: 'எல்லிஸ் தீவில் (கப்பலில் வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தில் சோதித்த இடம்) அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்.' எல்லிஸ் தீவு அதிகாரிகள் கப்பல் நிறுவனம் கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்களே தவிர, புதுப் பெயர் சூட்டவில்லை. அதோடு, கியூபெக் மக்கள் அந்தப் பக்கமே போகவில்லை! 1840க்கும் 1930க்கும் நடுவில் சுமார் 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் லோவெல், மான்செஸ்டர், ஊன்சாக்கெட் போன்ற நெசவாலை ஊர்களை நோக்கிப் போனார்கள். பெரும்பாலும் ரயிலில், தரைவழியாக. கனடா எல்லையில் வந்தவர் கணக்கை அமெரிக்கா எழுதத் தொடங்கியதே 1895இல். அதற்கு முன் போனவரைக் கப்பல் பட்டியலில் தேடுவது வீண் வேலை. ஆலை ஊரின் பிரெஞ்சுப் பங்குக் கோயில் பதிவேட்டில்தான் பிடிக்க வேண்டும். அங்கே பழைய பெயர் பல வருடம் அப்படியே இருந்திருக்கும்.

இன்னொரு பெரிய சிக்கல், 'தி' பெயர். ஒரு பெயருக்குப் பின்னால் 'தி' என்று போட்டு இன்னொரு பெயர் வரும். 'என்று அழைக்கப்படும்' என்று அர்த்தம். ஊதோன் தி போலியூ என்றால், ஊதோன் என்பவர் போலியூ என்றும் அழைக்கப்பட்டார். சிப்பாய்களுக்குப் பட்டாளத்தில் கிடைத்த பட்டப்பெயர்கள் இதில் நிறைய. 1665இல் கியூபெக் வந்த கரிஞ்ஞான்-சலியேர் படைப்பிரிவில் சுமார் 400 பேர் அங்கேயே குடியேறிவிட்டார்கள். லாலிபெர்த்தே, ழோலிகேர் போன்ற பெயர்கள் இந்தப் பட்டாள வழக்கத்தின் மிச்சம். அண்ணன் ஒரு பெயரையும் தம்பி மற்றதையும் எடுத்துக்கொண்டு, பேரன் காலத்தில் இரண்டு வெவ்வேறு குடும்பம் போல ஆகிவிடும். பெயர் திடீரென்று பதிவேட்டில் காணாமல் போனால் வம்சம் அற்றுப்போனது என்று முடிவு கட்டாதீர்கள். 'தி'க்குப் பின்னால் என்ன இருந்தது என்று முதலில் பாருங்கள்.

த்ராம்ப்ளேக்களுக்கும் இது உண்டு, ஆனால் வேறு காரணத்தால். பியேரும் ஒசானும் கியூபெக்கை அடுத்த லாஞ்ச்-கார்தியாங்கில் நிலம் பிடித்தார்கள். அடுத்த தலைமுறையில் ஒரு மகன் செயின்ட் லாரன்ஸ் ஆற்றோடு கீழே இறங்கி, 1710இல் லேசெபுல்மாங் என்ற நிலமானியத்தின் உடைமையாளர் ஆனார். அந்த ஷார்லவுவா பகுதி முழுக்க த்ராம்ப்ளே பெருகியது. ஊரே த்ராம்ப்ளே என்றால் யாரை யார் என்று அடையாளம் சொல்வது? வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் தேவைப்பட்டது. 1838இல் லா மால்பேயிலிருந்து 21 பேர் சேர்ந்து சங்கம் அமைத்து, பைன் மரம் வெட்டச் சாகுனே காட்டுக்குள் போனார்கள். அந்தப் பகுதியின் குடியேற்றமே அதிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் அலெக்சி த்ராம்ப்ளே 'தி' பிக்கொத்தே. 'பிக்கொத்தே' என்றால் அம்மைத் தழும்பு விழுந்தவர். நம் ஊரில் ஒரே தெருவில் நாலு முருகேசன் இருந்தால் 'மெத்தை வீட்டு முருகேசன்' என்று சொல்கிறோமே, அதே தேவை.

இந்த வரலாற்றில் கவனியுங்கள்: 1647இல் ஒரு கடல் பயணம், பிறகு தலைமுறைக்குத் தலைமுறை ஆற்றோரமாகச் சிறுசிறு நகர்வுகள், 1838இல் காடு, அதற்கப்புறம் சிலருக்கு ஆலை ஊர். 'பிரான்சிலிருந்து வந்தோம்' என்று ஒரே தாவலில் எழுதுகிறவர்கள் நடுவில் இருக்கும் இருநூறு வருடத்தை விழுங்கிவிடுகிறார்கள். தேடலில் தொலைந்து போகிற முன்னோர்கள் பெரும்பாலும் அந்த நடு வருடங்களில்தான் இருக்கிறார்கள்.

'த' பற்றியும் சொல்ல வேண்டும். பெயருக்கு முன்னால் 'த', 'து', 'த லா' வந்தால் பிரபு வம்சம் என்ற எண்ணம் பிரான்சிலேயே பலருக்கு உண்டு. அது 'இன்ன இடத்துக்காரர்' என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத சொல். குடியானவர்களுக்கும் இருந்தது, பிரபுக்கள் பலருக்கு இல்லாமலும் இருந்தது. இதைவிட மோசமானது குலச்சின்னம். பெயரைச் சொன்னால் சட்டம் போட்டுக் கேடயப் படம் விற்கும் கடைகள் இருக்கின்றன. சின்னம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழியினருக்கும் உரியது, பெயருக்கு உரியதல்ல. 'பழைய அரசாங்க ஏட்டிலேயே இருக்கிறது' என்று காட்டினாலும் ஏமாற வேண்டாம். 1696இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்குப் பணம் திரட்டக் குலச்சின்னங்களைக் கட்டணம் கட்டிப் பதியச் சொன்னார். ஒரு லட்சத்துக்கும் மேல் பதிவாயின. வணிகர்கள், கைவினைஞர்கள், அவர்களின் தொழில் குழுமங்கள் எல்லோரும் அதில் உண்டு. சின்னமே இல்லாதவர்களுக்கு அதிகாரிகளே ஒன்றை வரைந்து கொடுத்துப் பணம் வாங்கினார்கள்.

வெளிநாட்டில் பிரெஞ்சுப் பெயரைக் கண்டதும் ஊகெனோ, அதாவது மதக் கொடுமைக்குத் தப்பி ஓடிய புராட்டஸ்டண்ட் குடும்பம் என்று சொல்வதும் அவசர முடிவே. தென்னாப்பிரிக்காவில் அது பெரும்பாலும் பொருந்தும்: 1685இல் புராட்டஸ்டண்டுகளுக்கு உரிமை தந்திருந்த நாந்த் ஆணை ரத்தானபின், 1688 முதல் கேப் பகுதிக்கு வந்தவர்களின் வழி அது. க்ரோனியே அங்கே டச்சு நாக்கில் க்ரோன்யே ஆனது. கியூபெக்கில் நிலைமை வேறு. அங்கே குடியேறுகிறவர்கள் கத்தோலிக்கர்களாக இருக்க வேண்டும் என்று 1627இலேயே விதி வந்துவிட்டது. ஒசான் அஷோன் ஊகெனோக்கள் நிறைந்திருந்த லா ரொஷேல் பக்கத்துப் பெண் என்ற ஒன்றை மட்டும் வைத்து அவரை ஊகெனோ ஆக்குவது சரியல்ல.

ஒசானைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுப் பதிவேடுகளில் பெண் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார். அவரைத் 'திருமதி த்ராம்ப்ளே' என்று தேடினால் கிடைக்க மாட்டார். அஷோன் என்று தேட வேண்டும். தாய்வழியைத் தேடுவதற்கு இது எவ்வளவு பெரிய வசதி! ஆனாலும் ஆண் வழியை மட்டும் கோடாக இழுத்துவிட்டு நிறுத்துகிறவர்களே அதிகம். பன்னிரண்டு பேரைப் பெற்ற ஒரு பெண்ணை அப்படி விட்டுவிடுவது எனக்கு உறுத்துகிறது.

பிரான்சில் தேடுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில. பெர்ஷ் என்ற மாநிலம் 1790இல் நிர்வாக வரைபடத்திலிருந்து போய்விட்டது; ரான்தொனே இப்போது ஓர்ன் மாவட்டம், ஏடுகள் அலான்சோன் ஆவணக் காப்பகத்தில். பாரிசின் 1860க்கு முந்தைய பதிவேடுகள் இரண்டு பிரதிகளும் 1871 மே மாதத் தீயில் எரிந்தன, ஒரு பகுதியே மீட்டெழுதப்பட்டது. பொழுதுபோக்கு மரபணுச் சோதனை பிரான்சில் சட்டப்படி குற்றம் என்பதால், சோதனை நிறுவனங்களின் கணக்கில் பிரான்சுக்காரர்கள் குறைவு. கியூபெக் உறவுகள் குவியலாக வரும், அவையும் பலமுறை பின்னிய சொந்தம் என்பதால் உள்ளதைவிட நெருக்கமாகக் காட்டும். தங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த, பிரெஞ்சுக் கனடியக் குடும்பங்களின் கொடிவழி அகராதி ஒரு மலைப்பான உழைப்பு. அதிலும் பிழைகள் உண்டு. இன்று பலர் பகிரும் வம்ச வரைபடங்கள் அந்தப் பிழைகளையும் சேர்த்தே நகலெடுத்தவை.

கடைசியாக, பிரெஞ்சுப் பெயர் என்றால் பிரெஞ்சு ரத்தம் என்ற தவறு. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது, விடுதலை பெற்றவர்களுக்குப் பதிவாளர்கள் குடும்பப் பெயர் கொடுத்தார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில் புதுச்சேரி. 1881 செப்டம்பர் 21இன் ஆணைப்படி, தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். அதில் முன்னின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் 'வாசல்' என்று பொருள். இவர்கள் வழியினர் பலர் சைகோன் போய், பிறகு பிரான்சுக்கும் போனார்கள். இன்று பாரிசில் அந்தப் பெயரைத் தாங்கும் ஒருவர், பிரான்சின் ஏதோ ஒரு கிராமத்தில் லப்போர்த்துகளைத் தேடிப் பயனில்லை. புதுச்சேரியில் பதிவான துறப்பு அறிக்கையைத் தேட வேண்டும். புதுப் பெயரோடு பழைய தமிழ்ப் பெயரும் இருக்கும் தாள் அதுதான்.